கழற்சிக்காய்: கடலைத் தாண்டும் ஓடும் அதற்குள் இருக்கும் கசப்பும்

மாதவிடாய் தள்ளிப்போனால் கழற்சிக்காய், நீர்க்கட்டியைக் கரைக்கக் கழற்சிக்காய், விரைவீக்கத்துக்குக் கழற்சிக்காய், சர்க்கரைக்கும் கழற்சிக்காய் என்று யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம்பி நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் ஒரு கடையில் சாம்பல் நிறக் கொட்டையைத் தருகிறார்கள், அடுத்த கடையில் பழுப்புப் பொடியைப் பொட்டலமாகத் தருகிறார்கள். இணையத்தில் தேடினால் ஒரே காய்க்கு இரண்டு மூன்று அறிவியல் பெயர்கள் வருகின்றன. போதாததற்கு, ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஒதுங்கும் தாயத்துக் கொட்டையும் இதுதான் என்று ஒரு தகவல். எதை நம்புவது?

இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத செய்திகள் போலத் தெரியும். ஆனால் காய் கடல் தாண்டுவது, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விளையாட்டுக் காயாக இருப்பது, விதைத்தால் முளைக்காமல் கிடப்பது, கடைப் பொடியில் ஏமாற்று நடப்பது ஆகிய நான்குக்கும் காரணம் ஒன்றே. அது அந்த விதையின் ஓடு. அங்கிருந்து தொடங்கினால் மருந்துப் பேச்சில் எது சரி, எது மிகை என்பதும் தெளியும்.

முதலில் செடியை அடையாளம் காண்போம்

கழற்சி ஒரு முட்கொடி. வெப்பமண்டலக் கடற்கரைகள் அனைத்திலும் உண்டு. தமிழ்நாட்டில் கடலோர மணல்மேடுகளிலும் ஆற்றங்கரைப் புதர்களிலும் உள்நாட்டு வேலியோரங்களிலும் பார்க்கலாம். கெச்சக்காய் என்றும் சொல்வார்கள். மலையாளத்தில் கழஞ்சி, தெலுங்கில் கச்சகாய, சிங்களத்தில் கும்புறு வெல்.

பாகல், புடலை போலச் சுருண்டு பிடிக்கும் பற்றுக்கம்பி இதற்குக் கிடையாது. தண்டிலும் இலைக்காம்பின் அடிப்பக்கத்திலும் பின்னோக்கி வளைந்த முட்கள் இருக்கும். அவற்றை அடுத்த மரத்தில் மாட்டி மாட்டித்தான் மேலே ஏறுகிறது. முள் பின்னோக்கி வளைந்திருப்பதால் புதருக்குள் கையை விடுவது சுலபம், வெளியே இழுப்பதுதான் பாடு.

இலை வாகை இலையைப் போல இருமுறை பிரிந்தது, ஒன்றரை அடிக்கு மேலும் நீளும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் குட்டி இலை போலவே பிளவுபட்ட இரண்டு செதில்கள் நிற்கும். இந்த அடையாளம் பின்னால் தேவைப்படும். பூ மஞ்சள், கொத்தாக வரும். காய் 5 முதல் 8 செ.மீ. நீளம், உடம்பெல்லாம் ஊசிமுள். உள்ளே பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு விதைகள். காய் முற்றியதும் இரண்டாகப் பிளந்து திறக்கும், ஆனால் விதையை உடனே உதிர்த்துவிடாது. திறந்த காய்க்குள் விதைகள் பல நாள் ஒட்டிக்கொண்டே நிற்கும்.

விதை ஏறக்குறைய கோலிக்குண்டு அளவு, ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. குறுக்களவு. ஈயத்தின் சாம்பல் நிறம், மெருகு போட்டது போன்ற பளபளப்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மேலே மயிரிழை போன்ற கோடுகள் வளையம் வளையமாக ஓடுவது தெரியும். நன்றாகக் காய்ந்த விதையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் சத்தம் கேட்கும்.

ஓடும் வெற்றிடமும்

அந்தச் சத்தம்தான் முக்கியம். விதை இளசாக இருக்கும்போது பருப்பு ஓட்டுக்குள் முழுதும் நிறைந்திருக்கும். முற்றிக் காயும்போது பருப்பு சுருங்குகிறது, ஓடு சுருங்குவதில்லை. இடையே காற்று நிற்கும் இடம் உண்டாகிறது.

ஓட்டை உடைத்துப் பார்த்தால், சாம்பல் நிற மேல்தோல் மெல்லியது, அதற்கடியில் பழுப்பு நிறத்தில் தடித்த கெட்டி அடுக்கு. மேலடுக்கில் செல்கள் நெட்டுக்குத்தாக, இடைவெளி இல்லாமல் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. தண்ணீர் புக வழியே இல்லை. காயோடு விதை ஒட்டியிருந்த இடம், அதாவது விதைத் தழும்பு, பலவீனமான புள்ளியாக இருந்திருக்கலாம். காயும்போது அதுவும் இறுகி அடைபட்டுவிடுகிறது.

எடையில் பாதிக்கு மேல் ஓடுதான். இந்தக் கணக்கைப் பொடி வாங்கும்போது மறக்கக் கூடாது.

கடலை எப்படிக் கடக்கிறது

கடலில் மிதந்து பரவும் தாவரங்கள் பல உண்டு. தேங்காயைத் தூக்கிப் பிடிப்பது மட்டையின் நாரில் சிக்கிய காற்று. அந்த நார் மெல்ல மெல்லத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்பதால் தேங்காயின் பயணத்துக்குக் கெடு உண்டு. கழற்சியின் காற்று ஓட்டுக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கிறது. ஓடு பழுதாகாதவரை ஆண்டுக்கணக்கில் மிதக்கும்.

ஒரு விதை கடல் தாண்டி வேறு கரையில் செடியாக வேண்டுமென்றால் இவை அத்தனையும் நடக்க வேண்டும்:

1. விதை தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டும். கொடி மணல்மேட்டில் நிற்பதால் உயர் அலையோ புயல் அலையோ மணலை அரிக்கும்போது விதையும் சேர்ந்து போகிறது. ஆற்று வெள்ளமும் கொண்டுபோகும்.
2. மிதக்க வேண்டும். எல்லாக் கழற்சியும் மிதக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. உள்நாட்டில் வளரும் கொடிகளின் விதைகளில் பருப்பு ஓட்டை நிறைத்து, காற்றுக்கு இடமில்லாமல் மூழ்கிப்போகிறவையும் உண்டு.
3. உப்புநீர் கருவைத் தொடக் கூடாது. ஓட்டில் ஒரு நூல் அளவு விரிசல் விழுந்தாலும் பருப்பு ஊறி, அழுகி, மூழ்கிவிடும்.
4. ஒதுங்கும் கரை வெப்பமாக இருக்க வேண்டும்.
5. ஒதுங்கிய பிறகு ஓடு திறக்க வேண்டும். மணலில் புரண்டு தேய்வதும், பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறித் தாக்குவதும் ஓட்டை மெல்லத் தளர்த்துகின்றன. இதற்குப் பல மாதங்களோ ஆண்டுகளோ ஆகும்.

நான்காவது நிபந்தனையில் தோற்றுப்போன விதைகளால்தான் ஸ்காட்லாந்துக் கதை வந்தது. கரீபியன் தீவுகளில் கடலில் விழும் விதைகளை வளைகுடா நீரோட்டம் வடக்கே இழுத்து, அட்லாண்டிக்கைக் குறுக்காகக் கடத்தி, ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளிலும் அதன் வடக்கே உள்ள ஓர்க்னித் தீவுகளிலும் நார்வேயிலும் ஒதுக்குகிறது. அந்தக் குளிரில் அது முளைக்க வழியில்லை. ஆனால் உள்ளூரில் எந்தச் செடியிலும் காய்க்காத ஒரு கொட்டை கடலிலிருந்து வந்தால் மக்கள் சும்மா விடுவார்களா? மேற்குத் தீவுகளைப் பற்றி மார்ட்டின் மார்ட்டின் என்ற எழுத்தாளர் 1703இல் வெளியிட்ட நூலில், இவற்றை மொலுக்கா அவரை என்று குறிப்பிட்டு, குழந்தைகளுக்குக் கண்ணேறு படாமல் கழுத்தில் கட்டும் வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். தீங்கு நெருங்கினால், அங்கே வெள்ளை என்று சொல்லப்பட்ட இந்தக் கொட்டை கறுத்துவிடும் என்பது நம்பிக்கை.

இந்தக் கொட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கு விடை தேடியவர் லண்டன் மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன். அவர் 1687 முதல் 1689 வரை ஜமைக்காவில் தாவரங்களைச் சேகரித்தவர். ஓர்க்னியில் ஒதுங்கிய நான்கு வகை விந்தைக் கொட்டைகளைப் பற்றி 1690களில் ராயல் சொசைட்டி என்ற லண்டன் அறிவியல் கழகத்தின் இதழில் எழுதியபோது, கழற்சி உட்பட மூன்றை ஜமைக்காவில் தாமே பார்த்த செடிகளின் விதைகள் என்று இனங்கண்டார். கடல் நீரோட்டங்களின் வரைபடம் சரியாக இல்லாத காலத்தில், நீரோட்டம் ஒன்று மேற்கிலிருந்து கிழக்கே போகிறது என்பதற்கு இந்தக் கொட்டைகளே சாட்சியாக இருந்தன.

விளையாட்டு, குறி, எடை

சங்கப் பாடல்களில் வரும் கழங்கு இந்த விதைதான் என்பது பொதுவான கருத்து. பெண்கள் மணலிலும் திண்ணையிலும் கழங்காடினார்கள். வசதியுள்ள வீட்டுப் பெண்கள் பொன்னால் செய்த கழங்கை வைத்து ஆடினார்கள். மகள் காதல் நோயில் மெலிந்ததைத் தெய்வக் குற்றம் என்று நினைத்த தாய், முருகன் பூசாரியான வேலனை அழைத்துக் கழங்கிட்டுக் குறி பார்த்தாள். கரீபியனில், குறிப்பாக ஆன்டிகுவாவில், நம் பல்லாங்குழிக்கு உறவான வாரி என்ற குழி விளையாட்டுக்கு இன்றும் இதே விதைதான் காய். இரு இடத்திலும் காரணம் ஒன்று: தரையில் வீசினாலும் உடையாது, பூச்சி துளைக்காது, மழையில் நனைந்தாலும் ஊறாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிமென்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்திலிருப்பவன் கையில் சூடு வைப்பதும் இந்த ஓட்டைத்தான்.

எடைக்கு வருவோம். பொன் நிறுக்கும் கழஞ்சு என்ற அளவுக்கும் இந்த விதைக்கும் தொடர்பு சொல்வார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராசராசன் கொடுத்த நகைகள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நுணுக்கமாக நிறுத்துச் சொல்லப்படுகின்றன. 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. சித்த மருந்து நூல்களின் கணக்கில் குன்றி 130 மில்லிகிராம், அப்படியானால் கழஞ்சு 5.2 கிராம். இன்று கையில் எடுக்கும் ஒரு கழற்சி விதை அந்த எடைக்கு வருவது அரிது. விதைக்கு விதையும் வேறுபடும். கோயில் பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட தனி எடைக்கல் தேவைப்பட்டதில் வியப்பில்லை. ஆனாலும் எடைக்கு விதையை எடுத்த முன்னோரின் தேர்வில் ஒரு நுட்பம் இருக்கிறது. குன்றி, மஞ்சாடி, கழற்சி மூன்றுமே ஈரம் புகாத கெட்டி ஓடு கொண்டவை. மழைக்காலத்தில் ஒரு எடை, கோடையில் ஒரு எடை என்று மாறுவதில்லை.

பழைய மருந்துச் செய்முறையில் "ஒரு கழஞ்சு" என்று இருந்தால் அதை "ஒரு கழற்சிக்காய்" என்று படித்துவிடக் கூடாது. வீடியோக்களில் இந்தத் தவறு நடக்கிறது.

பெயர்க் குழப்பம் எங்கிருந்து வந்தது

உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753இல் இதற்கு வைத்த பெயர் குய்லாண்டினா பாண்டக். பிறகு சீசல்பினியா என்ற பெரிய பேரினத்துக்குள் சேர்க்கப்பட்டு சீசல்பினியா பாண்டக் ஆனது. அந்தப் பேரினத்தை மறுபடியும் பிரித்து 2016இல் வெளிவந்த திருத்தத்துக்குப் பிறகு குய்லாண்டினா பாண்டக் என்ற முதல் பெயரே திரும்பிவிட்டது. இந்த இரண்டும் ஒரே செடி, கவலை வேண்டாம். பழைய நூல்களில் வரும் பாண்டுசெல்லா என்பதும் இதுவே.

கவலைப்பட வேண்டியது மற்ற இரண்டு:

1. சீசல்பினியா கிரிஸ்டா. இது வேறு செடி. அலையாத்திக் காடுகளிலும் உப்பங்கழி ஓரங்களிலும் படரும். காயில் முள் கிடையாது, பெரும்பாலும் ஒரே விதை. இந்தப் பெயரை முள்காய்க் கழற்சிக்குத் தவறாகப் பயன்படுத்தும் வழக்கம் இந்திய மருந்து நூல்களில் நெடுங்காலமாக ஊறிப்போயிருக்கிறது. அதனால் பொட்டலத்தின் மேல் கிரிஸ்டா என்று இருந்தாலும் உள்ளே கழற்சி இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.
2. குய்லாண்டினா மேஜர். கழற்சியின் மிக நெருங்கிய உறவு. முள்ளும் காயும் அப்படியே. விதை மட்டும் சாம்பலாக இல்லாமல் மஞ்சளாக இருக்கும். இலைக்காம்படியில் அந்தப் பிளவுபட்ட செதில்கள் இருக்காது.

விதையாக வாங்கினால் சாம்பல் நிறமே உரைகல். பொடியாக வாங்கினால் எந்த உரைகல்லும் உங்களிடம் இல்லை.

மருந்தாக: காய்ச்சலும் வீக்கமும்

பருப்பு கடுமையாகக் கசக்கும். அந்தக் கசப்புக்குக் காரணமான பொருளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் பாண்டுசின் என்று அழைத்தார்கள். அது ஒரே பொருளன்று, கசேன் வகை டைடெர்பீன்கள் என்னும் சேர்மங்களின் குடும்பம் என்பது பின்னால் தெரிந்தது. பருப்பில் எண்ணெயும் கணிசமாக உண்டு.

பழைய பயன்களில் முதன்மையானது முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா போல விட்டுவிட்டு வரும் காய்ச்சல். கொய்னா (குயினைன்) விலை அதிகமாக இருந்த காலத்தில் அதற்கு மாற்றாகக் கழற்சியை ஆங்கிலேய மருத்துவர்களும் கையில் எடுத்தார்கள். 1868இல் வந்த இந்திய மருந்து நூலில் ஓடு நீக்கிய கழற்சிப் பருப்புப் பொடியும் மிளகுப் பொடியும் சம எடையில் கலந்த கூட்டுப் பொடி இடம் பிடித்தது. பெரியவர்களுக்கு அளவு 15 முதல் 30 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 1 முதல் 2 கிராம், நாளுக்கு மூன்று வேளை. நம் வீடுகளில் கழற்சிப் பருப்போடு மிளகு சேர்க்கும் கைவழக்கத்தை அந்த நூல் அப்படியே எடுத்துக்கொண்டது போலத்தான் தெரிகிறது.

அந்தக் காய்ச்சல் மரபின் தொடர்ச்சிதான் ஆயுஷ் 64 மாத்திரை. மத்திய ஆயுர்வேத ஆராய்ச்சிக் குழு மலேரியாவுக்காக உருவாக்கியது. ஏழிலைப்பாலை, கடுகுரோகிணி, நிலவேம்பு போலவே கசக்கும் வேறொரு செடியான கிராத திக்தம் ஆகிய மூன்றின் சாறுகளும் கழற்சிப் பருப்புப் பொடியும் சேர்ந்தது. 500 மி.கி. மாத்திரையில் முதல் மூன்றும் 100 மி.கி. வீதம், கழற்சி 200 மி.கி. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரலில், லேசான, மிதமான தொற்றுக்கு வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் அறிவித்த பிறகு இந்தக் காய் திடீரென்று பேசப்பட்டது.

இரண்டாவது பயன் விரைவீக்கம். இலையை விளக்கெண்ணெயில் வதக்கி இளஞ்சூட்டில் கட்டுவது, பருப்பை அரைத்துப் பற்றுப் போடுவது என்று வெளிப்பூச்சாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. இந்த வைத்தியம் தமிழ்நாட்டில் இவ்வளவு வேரூன்றியதற்கு யானைக்கால் நோய் ஒரு காரணமாக இருக்க வேண்டும். அதை உண்டாக்கும் ஃபைலேரியாப் புழு ஆண்களுக்குப் பெரும்பாலும் விரையில் நீர் கோக்கும் நோயாகத்தான் வெளிப்படும், கும்பகோணம் வட்டாரம் அந்த நோய்க்குப் பெயர்போன இடம். பற்று வீக்கத்தின் வலியை ஆற்றலாம். கோத்த நீரை அது வெளியேற்றாது, புழுவையும் கொல்லாது. அதைவிட முக்கியம், எல்லா விரைவீக்கமும் நீர்க்கோப்பு அன்று. குடலிறக்கமாக இருக்கலாம், கட்டியாக இருக்கலாம். பையனுக்கோ இளைஞனுக்கோ திடீரென்று கடும் வலியோடு வீங்கினால் விரை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால்தான் விரையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. பற்றுப் போட்டுக் காத்திருக்கும் நேரம் இதுவன்று.

நீர்க்கட்டி "கரையுமா"?

இன்றைய பரபரப்புக்குக் காரணமான கேள்வி இதுதான். விடைக்கு முன் நீர்க்கட்டி என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் "கரைக்கும்" என்ற சொல்லிலேயே பிழை இருக்கிறது.

பேச்சில் கர்ப்பப்பை நீர்க்கட்டி என்கிறோம். அது இருப்பது கர்ப்பப்பையில் அன்று, சினைப்பையில். ஸ்கேனில் மாலை கோத்தது போலத் தெரிபவை புதிதாக முளைத்த கட்டிகளும் அல்ல. அவை 2 முதல் 9 மி.மீ. அளவிலேயே வளர்ச்சி நின்றுபோன முட்டைப் பைகள். வழக்கமான மாதத்தில் அவற்றில் ஒன்று ஏறக்குறைய 20 மி.மீ. வரை வளர்ந்து வெடித்து முட்டையை விடும். ஆண் ஹார்மோன் மிகுதியும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததும் சேர்ந்து அந்த வளர்ச்சியைத் தடுக்கின்றன. ஆகவே கரைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. ஹார்மோன் சமநிலை திரும்பினால் முட்டைப் பை வளரத் தொடங்கும், அவ்வளவுதான்.

பி.சி.ஓ.எஸ். என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோயை உறுதிசெய்ய 2003இல் ராட்டர்டாமில் வகுத்த முறைப்படி மூன்றில் இரண்டு வேண்டும்: மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதியின் அறிகுறி அல்லது ரத்தப் பரிசோதனைச் சான்று, ஸ்கேனில் அந்தத் தோற்றம். ஸ்கேன் தாளில் ஒரு வரியைப் பார்த்தே பொடி சாப்பிடத் தொடங்குபவர்களில் பலருக்கு இந்த நோயே இருக்காது.

கழற்சிக்கு இதில் என்ன சான்று? ஹார்மோன் கோளாறு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு விதைச் சாறு கொடுத்தபோது ஹார்மோன் அளவுகளும் சினைப்பையின் தோற்றமும் மேம்பட்டதாக ஆய்வுகள் உண்டு. எலிகளில் ரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாகவும் உண்டு. இன்சுலின் கோளாறு இந்த நோயின் அடித்தளம் என்பதால் இது பொருத்தமான தடயம்தான். ஆனால் எலிக்குக் கொடுத்தது அளவு தெரிந்த சாறு, பொட்டலத்தில் இருப்பது அளவு தெரியாத பொடி. எலி ஆய்விலிருந்து "48 நாளில் குணம்" என்று தாவுவதற்கு நடுவில் பெரிய பள்ளம் கிடக்கிறது. சித்த மருத்துவர் ஒருவர் நாடி, உடல்வாகு, மற்ற மருந்துகள் எல்லாம் பார்த்து இதைக் கொடுப்பது வேறு. வீடியோவைப் பார்த்துத் தானே சாப்பிடுவது வேறு.

தானே சாப்பிடும்போது எங்கே இடறுகிறது என்பதையும் பார்க்கலாம்:

1. சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது. நீர்க்கட்டிக்கே பலருக்கு மெட்ஃபார்மின் கொடுக்கப்பட்டிருக்கும். சர்க்கரை நோயாளிகள் இன்னும் வலுவான மாத்திரை சாப்பிடுவார்கள். இரண்டும் ஒரே திசையில் இழுத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம்.
2. கருவுற்றிருக்கும்போது. இலைச் சாறு கருவுற்ற எலிகளின் கருப்பைத் தசையைச் சுருங்க வைப்பது ஆய்வகத்தில் பார்க்கப்பட்டிருக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போனதும் பொடியை எடுக்கும் வழக்கம் இதனால்தான் ஆபத்து. தள்ளிப்போனதற்குக் காரணம் கர்ப்பமாகவே இருக்கலாம். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, பிறகுதான் மற்றதெல்லாம்.
3. குழந்தைக்காக முயற்சி செய்யும்போது. பெண் எலிகளில் விதைச் சாறு ஈஸ்ட்ரோஜனுக்கு எதிராகச் செயல்பட்டதாகவும் ஓர் ஆய்வு உண்டு. கருத்தரிக்க உதவும் என்று சாப்பிடுபவர்கள் இந்த மறுபக்கத்தைக் கேள்விப்படுவதே இல்லை.
4. வயிறு. அவ்வளவு கசப்பை வெறும் வயிற்றில் இறக்கினால் குமட்டல் வரும். வாந்தியை "கழிவு வெளியேறுகிறது" என்று பாராட்டுவதில் பொருளில்லை.

வாங்குவது, உடைப்பது, பொடிப்பது

மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் விதையாகவே வாங்குங்கள். முன்பே சொன்னபடி எடையில் பாதிக்கு மேல் ஓடு. ஓட்டோடு சேர்த்து அரைத்தால் பொடி இரு மடங்குக்கு மேல் கிடைக்கும், மருந்து பாதிகூட இருக்காது. அப்படி அரைத்த பொடி பழுப்பாக, நறநறப்பாக இருக்கும், கசப்பும் மட்டுப்படும். பருப்பு மட்டும் அரைத்தது வெளிர் மஞ்சள், விரலில் லேசாகப் பிசுபிசுக்கும், நுனிநாக்கில் பட்டாலே கசப்பு தொண்டைவரை போகும்.

உடைப்பதற்கு நேராகச் சுத்தியலை இறக்கினால் விதை வழுக்கி அடுத்த அறைக்குப் பறக்கும், இல்லையென்றால் ஓடும் பருப்பும் சேர்ந்து நொறுங்கும். கனமான துணியில் ஒன்றிரண்டு விதைகளை மட்டும் முடிந்து, அம்மி போன்ற கெட்டியான கல்லின்மேல் வைத்து, ஓங்கி ஒரே அடி அடிக்காமல் அளவாக இரண்டு மூன்று தட்டுத் தட்டினால் ஓடு பிளந்து பருப்பு முழுதாக வரும். வாணலியில் மணலோடு வறுத்து, ஓடு வெடித்ததும் பருப்பை எடுப்பது இன்னொரு வழி. வெடிக்கும்போது சில்லு தெறிக்கும், மூடி போடாமல் செய்யக் கூடாது.

பருப்பு வெளுப்பாக, கெட்டியாக இருக்க வேண்டும். கறுத்திருந்தாலோ, பூஞ்சை படிந்திருந்தாலோ, எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தாலோ தூக்கி எறியுங்கள். ஓட்டுக்குள் இருக்கும்வரை ஆண்டுக்கணக்கில் கெடாத பருப்பு, உடைத்த சில வாரங்களிலேயே சிக்கு வாடை அடிக்கும், ஏனென்றால் அதிலுள்ள எண்ணெய் காற்றில் கெட்டுவிடும். தேவைக்குத் தேவை உடைப்பதே முறை. எப்போது அரைத்தது என்று தெரியாத கடைப் பொடியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முளைக்க வைப்பதும் வேலி போடுவதும்

கழற்சி விதையைப் போட்டேன், ஒரு வருஷமாகியும் வரவில்லை என்பவர்களுக்கு: விதை செத்துவிடவில்லை, தண்ணீர் உள்ளே போகவில்லை. வழக்கமாக நாம் செய்யும் தண்ணீர்ச் சோதனையும் இங்கே உதவாது. மற்ற விதைகளில் மிதப்பது பதர் என்று தள்ளுவோம், கழற்சியில் மிதப்பதே நல்ல விதையாக இருக்கலாம்.

1. விதைத் தழும்பு எந்தப் பக்கம் என்று பாருங்கள். அதற்கு அருகில்தான் முளைக்கரு இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் மட்டும் அரத்தால் அல்லது கரடுமுரடான கல்லில் தேயுங்கள்.
2. சாம்பல் தோல் போய்ப் பழுப்பு அடுக்கு தெரியும், அதுவும் போய் வெளுப்பு எட்டிப் பார்க்கும். அங்கே நிறுத்திவிடுங்கள். பருப்பைக் காயப்படுத்தினால் அந்த இடத்தில் அழுகல் தொடங்கும்.
3. சாதாரணத் தண்ணீரில் ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் ஊறப் போடுங்கள். தண்ணீர் புகுந்த விதை ஏறக்குறைய இரு மடங்காக உப்பும். பளபளப்பு போய் ஓடு தோல் போல மெத்தென்று ஆகிவிடும். உப்பாத விதையை மறுபடியும் தேய்த்து ஊறப் போடுங்கள். கொதிநீர் ஊற்றுவது இந்தத் தடித்த ஓட்டுக்குப் பெரும்பாலும் பலிப்பதில்லை.
4. நாற்றுப் பையில் மணல் கலந்த மண்ணை நிரப்பி ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஊறிய விதை ஈரம் தேங்கினால் அழுகும், பைக்கு அடியில் துளை அவசியம். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் முளை வரும்.

வேலிக்கு நடும்போது ஒற்றை வரிசை போதாது, அடியில் ஓட்டை விழும். இரண்டு வரிசையாக, ஒன்று விட்டு ஒன்று மாற்றி நட வேண்டும். கொடி ஏற ஆரம்பத்தில் முள்கம்பியோ ஒதியங்கொம்போ வேண்டும். ஆடு மாடு உள்ளே வராது என்பது உண்மை, ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது நீண்ட துரட்டியால் கழிக்காவிட்டால் பக்கத்து மா, முருங்கை மேலெல்லாம் ஏறி மூடிவிடும். வெட்டிய கிளைகளை நடைபாதையில் போடக் கூடாது, காய்ந்த முள் செருப்பையும் சைக்கிள் டயரையும் துளைக்கும்.

கொடி பூத்தும் காய்க்கவில்லை என்றால் உரம் போட்டுப் பயனில்லை. இதில் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு கொடிகளில் வருவது வழக்கம். தனியாக ஒரே கொடி நின்றால் காய் பிடிக்காமலே போகலாம். விதை வேண்டுமென்று நடுபவர்கள் நான்கைந்து கொடியாவது சேர்த்து நட வேண்டும். காய் வெடித்த பிறகு இடுக்கி கொண்டு விதையை எடுப்பது எளிது. பச்சைக் காயைப் பறித்தால் கையெல்லாம் முள் ஏறும், உள்ளே விதையும் பச்சை நிறத்தில், ஓடு இறுகாமல், சில நாளிலேயே சுருங்கிப்போகும்.